சில நேரம்

காலை ஏழு முப்பத்தைந்து, தெஹிவளைப் பாலத்தின் முதுகில்
முதல் தடவை நின்றது.
பின்னால் நூறாம் இலக்க பஸ், ஹோர்னை அழுத்திப் பிடித்தபடி.
சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்தது,
ஒன்றும் நடவாத முகத்தோடு.

எண்பத்தேழாம் வருசத்துக் கார். இலக்கத் தகட்டில் இன்னும் பழைய ஸ்ரீ.
பெயரே சன்னி.
பிதற்றினால்கூடப் பரவாயில்லை,
இது வாயை மூடிவிடுகிறது.

லயனல் பாஸின் கராஜ் கிருலப்பனையில், கால்வாயோரம்.
அங்கே கொண்டுபோனால்
நிறுத்திய இடத்தில் ஒரு மணித்தியாலம் சீராக ஓடும்.
ஸ்குரூட்ரைவர் முனையை எஞ்சினில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்.
"மாத்தயா, இதுக்கு ஒரு வருத்தமுமில்லை" என்பார் சிங்களத்தில்.
எனக்கு ஓட்டத் தெரியாது என்று அவர் சொல்லவில்லை.
நினைத்தார்.

புதுக்கடை நீதிமன்றத்தில்
பதினெட்டு வருசமாக உரைபெயர்ப்பாளன் நான்.
கூண்டில் ஏறியதும் நல்ல பிள்ளையாகிறவர்களை
எனக்குத் தெரியாதா?

கொயில் மாற்றினோம். பிளக் நாலும்.
பஞ்சிகாவத்தையில் பாவித்த டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று,
கடைக்காரர் பிள்ளைகள்மேல் சத்தியம் பண்ணி விற்றது.
பெற்றோல் தாங்கியைக் கழற்றிக் கழுவி
ஒரு கோப்பை துருவைக் காட்டினார் லயனல்.
இரண்டு பேரும் அந்தத் துருவை நம்பினோம்,
ஒன்பது நாள்.
பத்தாம் நாள் பம்பலப்பிட்டிச் சந்தியில், பச்சை விழுந்ததும்.

வழக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.
திங்கள், மழை, எஞ்சின் சூடேறவில்லை. நின்றது.
புதன், கொளுத்தும் வெயில். நின்றது.
வெள்ளி, மொறட்டுவை போய்வந்தும் ஒன்றுமில்லை,
வீட்டு ஒழுங்கை முகப்பில்
த்ரீவீலுக்கு வழிவிட்டு எடுக்கையில் நின்றது.

சுகிர்தாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கொப்பி திருத்தத் தெரியும்.
பக்கத்து சீற்றிலிருந்து வாங்கிப் பார்த்தாள்.
"வெயிலையும் மழையையும் ஏன் எழுதிறீங்கள்?
நிக்கிற நேரமெல்லாம்
நீங்கள் கிளச்சை விட்டுக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்."

சனிக்கிழமை. சில்லுக்குக் கல் வைத்து, முதல் கியரில் போட்டு,
கிளச்சைக் கொஞ்சங்கொஞ்சமாக விடச் சொன்னார் லயனல்.
பொனட்டுக்குள் தலை, கையில் டெஸ்ட் பல்ப்.
கிழிந்த ரப்பர் மவுண்டில் எஞ்சின் சரிந்தது,
நித்திரையில் புரள்கிறவன் மாதிரி.
போர்வை இழுபடுவதுபோல் ஒரு வயர் இழுபட்டது.
முதலில் பல்ப் அணைந்தது.
பிறகுதான் எஞ்சின்.

"நிண்டிட்டுது!" என்று கத்தினேன்.
லயனல் நிமிர்ந்து பொனட்டில் தலையை இடித்துக்கொண்டு
சிரித்தார்.
மூன்று மாதமாக நின்றுவிடாதே என்று கெஞ்சிய காரை
இன்னொருக்கால் நில் என்றோம்.
நின்றது.
இன்னொருக்கால்.
பிளேன்டி கொண்டுவந்த சாப்பாட்டுக்கடைப் பையன்
கார் பழுதானதற்கு இந்த ஆட்கள் ஏன் கைகுலுக்குகிறார்கள் என்று
கிளாஸைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றான்.

வயரின் தோலில் கீறலே இல்லை.
பிளேட்டால் வகிர்ந்தார். உள்ளே செம்பு அறுந்து
இரண்டு நுனியும் சும்மா முட்டிக்கொண்டிருந்தன,
கதைபேச்சு விட்டுப்போன சம்பந்திகளைக்
கலியாண வீட்டில் அருகருகே இருத்தியதுபோல.
ஒரு சாண் புது வயர், கொஞ்சம் ஈயம்,
எண்ணூறு ரூபாய். மவுண்ட் வேறு கணக்கு.
பழைய டிஸ்ட்ரிபியூட்டரைப் பேப்பரில் சுற்றித் தந்தார்.
அது பாவம், நல்லாய்த்தான் இருந்ததாம்.

திங்கட்கிழமை, புதுக்கடை.
மதிலுக்கு அப்பால் அந்தச் சத்தம் கேட்குமா, கேட்காதா?
"சில நேரம்" என்றாள் சாட்சி.
ஆம் அல்லது இல்லை என்று சொல்லும்படி சட்டத்தரணி.
அதைத் தமிழாக்க எனக்குக் கொஞ்சம் பிந்தியது.
நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

பின்னேரம் வெளியே வந்தேன்.
கார் விட்ட இடத்திலேயே நின்றது.
முதல் கியர். கிளச்சை மெல்ல, மெல்ல விட்டபடி.
மடியில் கொப்பி,
மூடி கழற்றிய பேனை.