ஏழு அலறல், ஒரு சிரிப்பு

கரண்ட் வந்ததும் டிவி தானாக உயிர்த்து
அந்தப் படத்தில் போய் நின்றது.
'எரிமலையில் எட்டு மணி'.
ஏஜென்ட் ருத்ரகுமார் வரிசையில் ஐந்தாவது,
எடுத்தவர்களே பேச்செடுக்க விரும்பாத பிள்ளை.
தனஞ்செழியன் ரிமோட்டை எடுத்துத்
தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.
இனி மாற்றவிட மாட்டார்.

முதல் காட்சி பாரீஸ்.
அதாவது, நம் துய்மா வீதி.
ருத்ரகுமார் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுத் திரும்ப,
தோளுக்குப் பின்னால் சுவரில்
'இங்கு பஞ்சர் ஒட்டப்படும்'.
பாதிரி வேடத்தில் வருகிற கொலையாளியும்
சைக்கிளைக் கொண்டுவந்து அதன் கீழேயே நிறுத்துகிறான்,
பொருத்தமாக.

அட்லாண்டிக் சமுத்திரம், ஊசுடு ஏரி.
நீர்மூழ்கி தலைதூக்கும் இடத்தில்
ஒரு கொக்கு நிற்கிறது,
முழங்கால் நனையாமல்.
எரிமலை, வானூர்ப் பக்கத்துச் செம்மண் மேடு.
உச்சியில் லாரி டயர்களைக் கொளுத்தி
மூன்று நாள் புகையவிட்டார்களாம்.
அதன் வயிற்றுக்குள் உட்கார்ந்து
உலகத்தை அழிக்கப் பார்க்கிறார் டாக்டர் தூமகேது,
மடியில் ஒரு கீரிப்பிள்ளை.
கீரி ஒருமுறைகூடக் கேமராவைப் பார்க்கவில்லை.
படத்திலேயே அடக்கமான நடிப்பு அதுதான்.

இதில் நான் எங்கே என்றால்
எங்கும் இல்லை.
நச்சு முத்தம் வாங்கிச் சாகிற ஹாங்காங் அழகிக்கு
என் குரல்.
லிஃப்டில் நசுங்கும் டைப்பிஸ்டுக்கு என் குரல்.
சுறாத் தொட்டியில் விழும் விமானப் பணிப்பெண்ணுக்கும்.
சுறா ரப்பர். வயிற்றில் தையல் தெரியும்.
உண்மை மட்டுமே பேசும் ரோபோ நான்,
அதைக் காட்டிக்கொடுக்கும் கிளியும் நான்.
ஏழு அலறல், ஒரே மதியம், கோடம்பாக்கத்தில்,
அலறலுக்குப் பத்து ரூபாய்.
மூச்சுத் திணறிச் சாவதற்குத் தனியாகக் கேட்டேன்.
'திணறல் அலறலில் சேர்த்தி' என்றார் மேனேஜர்.
ஆறாவது பெண் சாகும்போது
நிஜமாகவே தொண்டை கட்டிவிட்டது.
'உருக்கம்' என்று பத்திரிகையில் போட்டார்கள்.

இவர் பதினான்கு தடவை பார்த்தவர்,
ரோடியர் மில்லில் இரண்டாம் ஷிப்டுக்கு மட்டம் போட்டு.
பெண் பார்க்க வந்த அன்று
கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு
என் அண்ணனிடம் சொன்னார்:
"அந்த மூணாவது பொண்ணு கத்துவா பாருங்க,
அடிவயித்துலேர்ந்து!"
நான் தலையைக் குனிந்துகொண்டேன்.
வெட்கம் என்று எழுதிக்கொண்டார்கள்.
கல்யாணமான எட்டாம் நாள்
குளியலறையில் கரப்பான் பறந்தபோதுதான்
அவருக்கு விஷயம் தெரிந்தது.

இப்போது எண்ணிக்கை ஓடுகிறது.
அறுபது நொடி, ஒன்பது நிமிடமாக.
நடுவே ருத்ரகுமார் தலை வாருகிறார்,
பனிமலைக்குப் போய் அரை டூயட் பாடித் திரும்புகிறார்,
மீசைக் கத்தரியால் சிவப்பு ஒயரை நறுக்குகிறார்.
பிறகு, வெள்ளிச் சேலையில் குண்டடிபட்டுக் கிடப்பவளைத் தூக்கி,
"என் இதயத்தில் வெடிக்காத ஒரே குண்டு
நீதான், நீலாம்பிகா" என்கிறார்.

அவள் அழவேண்டும்.
காகிதத்தில் அப்படித்தான் இருந்தது.
திரையிலும் உதடு மூடித்தான் இருக்கிறது, கண்ணில் கிளிசரின்.
சிரிப்பு மட்டும் எங்கிருந்தோ வருகிறது,
குபுக்கென்று, மூக்கு வழியாக.

நான்கு டேக் அடக்கினேன். ஐந்தாவதில் முடியவில்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹபிபுல்லா சார்
முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு
கட்டைவிரலை உயர்த்தினார்.
வெட்டியிருப்பார் என்றே
இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"இந்த இடத்துல எதுக்குச் சிரிக்கிறா?
பதினாலு தடவையும் எனக்குப் புரியலை" என்றார்.

"இருபத்திரண்டு வயசு அவளுக்கு" என்றேன்.
"காலையிலேர்ந்து சாப்பிடவும் இல்லை."

எரிமலை வெடித்தது.
அதே கொக்கு,
இப்போதுதான்,
எழுந்து பறந்துபோனது.