புதுக்கடை, இரண்டாம் மாடி வாங்கு

என் வழக்கு இலக்கம் பதினேழு.
இப்போதுதான் நாலைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.
கைப்பையில் ஒரு புத்தகம்,
கோட்டை ஸ்டேஷன் நடைபாதையில் வாங்கினது, அட்டையில்லை:
இங்கிலாந்து ராசா ஒருவரும் ஆறு பொம்பிளைகளும்.

நாலாமவள் ஆன். கிளீவ்ஸ்காரி.
படம் பார்த்துத்தான் சம்மதித்தாராம்.
ஓவியனைக் கடல் தாண்டி அனுப்பி
கைகோர்த்து, நேரே பார்த்து நிற்கிறவளை
சிவப்பும் பொன்னுமாய் எழுதுவித்தார்.

என்னை எடுத்தவர் ஹில்மி நானா,
காலி வீதி பெற்றோல் ஷெட்டுக்கு எதிர்மாடி.
"நாடியைக் கொஞ்சம் இறக்குங்க தங்கச்சி."
கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்.
அது ஒன்றுதான் பொய்.
மற்றதெல்லாம் என்ரை முகம்.

ராசா மாறுவேசத்தில் வந்தாராம் முதல்நாள்.
அவள் யன்னலால் கீழே
மாட்டை நாய்கள் கடிக்கிற வேடிக்கை
பார்த்துக்கொண்டிருந்தாள்.
யாரோ தடியன் என்று திரும்பவும் யன்னலுக்கே முகத்தைக் கொடுத்தாள்.

தயாபரன் சொல்லாமல் முந்தியே வந்திறங்கி
நான் நிற்கிற பாமசிக்கு வந்தார்,
தொப்பி, கறுப்புக் கண்ணாடி.
பெனடோல் ஒரு கார்ட்.
மிச்சக்காசை எண்ணிக் கொடுத்துவிட்டு
"அடுத்த ஆள்" என்றேன்.
அவருடைய படத்தில் தலைமயிர் இருந்தது.
அதைப்பற்றி இன்றுவரை ஒருத்தரும் கதைக்கவில்லை.

படத்தில் வடிவு, நேரில் இல்லையாம்.
பம்பலப்பிட்டிக் கோயில் வீதியில்
செருப்புக் கழற்றுகிற இடத்தில்
எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்கள்.

அவளைக் குதிரை என்றாராம் ராசா.
எல்லாருக்கும் தெரிந்த கதை.
ஆனால் அவர் சொன்னதற்குச் சான்றில்லை;
நூற்று நாற்பது வருசத்துக்குப் பிறகு
ஒரு பாதிரியார் எழுதி வைத்தது.
புண் வைத்து நாறினது ராசாவின் கால்.
அவருக்கு நாற்பத்தெட்டு, அவளுக்கு இருபத்துநாலு.
பொருத்தம் பேசின மந்திரிக்குத் தலை போயிற்று.
படம் எழுதினவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் தரகர் சிற்றம்பலத்தாருக்கும்
ஒன்றும் ஆகவில்லை.
போன கிழமைகூட ஒரு கலியாணத்தில்
பாயாசம் இரண்டாந்தரம் கேட்டாராம்.

"என்ன நடந்தது?" என்று கேட்டா வக்கீல் ஜெசிந்தா.
"ஒன்றும் நடக்கவில்லை மிஸ்."
"அதைத்தான் எழுத வேணும்."
ஆறு கிழமை.
சுவர்ப்பக்கம் திரும்பிக்கிடந்த ஒரு முதுகு,
ஏசியின் சத்தம்,
விடிய, "நித்திரை வந்ததா?"

அவளுக்கு ஆறு மாதம்.
ராசா விட்டுவிடலாம் என்றதும் அவள் அழுதாளா,
மயங்கினாளா, ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
கையெழுத்து வைத்தாள். அது நிச்சயம்.
மோதிரத்தைத் திருப்பி அனுப்பினாள்,
பெறுமதியில்லாத சாமான், உடைத்துப் போடுங்கள் என்று.
மாளிகைகள் கிடைத்தன.
ராசாவின் அன்புச் சகோதரி என்று பட்டமும்.

அந்த வரியில் நான் சத்தமாய்ச் சிரித்துவிட்டேன்.
பக்கத்தில் குழந்தைச் செலவு வழக்குக்கு வந்த பெண்
தள்ளி இருந்தாள்.
நேற்றிரவு ஸ்கார்பரோவிலிருந்து குறுஞ்செய்தி:
"உங்களை நான் ஒரு தங்கச்சி மாதிரித்தான்…"

பதினேழு.
நீதவான் சிங்களத்தில் கேட்கிறார்.
மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமி,
சம்மதமா என்கிறார்.
ஆனுக்கும் அவர்கள் மொழி தெரியாது.
சம்மதம் எந்த மொழியிலும் தலையாட்டல்தான்.

வெள்ளவத்தை பிளட் என் பேரில்.
ஆறாம் மாடி, லிப்ட் பழுது,
சமையலறையால் ஒரு சாண் கடல்.
அவள் சீட்டாட்டப் பிரியையாம்.
மற்ற ஐந்து பேருக்கும், ராசாவுக்கும் பிறகுதான் செத்தாளாம்.

சனி இரவுகளில்
கீழ்வீட்டு யோகரஞ்சினி, வங்கி வேலைக்காரச் சகோதரிகள் இருவர், நான்.
முன்னூற்றிநாலு.
கடைசி ரெயில் போக மேசை நடுங்கும்.
இந்த ஆட்டத்தில் ராசாவுக்கு மூன்று புள்ளி,
ராணிக்கு இரண்டு.
ஒரு புள்ளிக்கா இவ்வளவு ஆரவாரம் என்று
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
கேள்வி கேட்கிறேன்.
துரும்பு கவிழ்ந்து கிடக்கிறது, என் முன்னால்.