வெற்று எடை

காவேரிப்பட்டணம் கூழ் ஆலை வாசலில்
எடைமேடை என் வேலை.
மாங்காய் லாரி ஏறும், சிவப்பு எண் ஓடி நிற்கும்.
காய் இறக்கிவிட்டு மறுபடி ஏறும்.
முதலில் மொத்தம், அப்புறம் வெற்று எடை,
கழித்து வருவதற்குத்தான் காசு.

இருபது வருஷம் இதை எழுதியவனுக்கு
எதுவும் ஏற்றாத லாரியும்
ஆறு டன் இருக்கும் என்பது
போன ஆவணியில்தான் உறைத்தது.

பருவம் முடிந்திருந்தது.
கடன்காரன் வரவில்லை, வீட்டில் சாவு இல்லை.
"என்னதான் ஆச்சு உனக்கு?" என்றார்கள்.
ஒன்றும் ஆகவில்லை.
அதைத்தான் சொல்ல முடியவில்லை.
பல் துலக்கும் பிரஷ்ஷைத் தூக்கக்
கை யோசித்தது.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி, பதினொன்றாம் அறை.
பலகையில் 'மனநலம்' என்று இருந்தது.
வரிசையில் ஊர்க்காரர்கள் யாராவது உண்டா என்று
முகம் துடைக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டேன்.
"திம்மராயன்!" என்று கூடம் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள் நர்ஸ்.
டாக்டர் ஷமீமா அதிகம் பேசவில்லை.
வெள்ளை மாத்திரை, முதலில் பாதி, பிறகு முழுசு.
"ஆறு வாரம் ஆகும், பொறுங்க."

மூன்றாம் வாரமே பொறுமை போயிற்று.
அதே வளாகத்தில் எட்டாம் அறை, சித்தா பிரிவு.
தூக்கம் வரலை என்று மட்டும் அங்கே சொன்னேன்.
அமுக்கராச் சூரணம், காகிதப் பொட்டலத்தில்.
குதிரை நாற்றம் என்பார்கள்; எனக்கு
ஈரச் சாக்கு நாற்றம். பாலில் கலக்கினால் அடியில் மண்டும்.
போதாததற்கு ஏரிக்கரை வல்லாரை,
மாதேவி பறித்து அரைத்த துவையல்.

வேர் என்றால் ஒரு தைரியம்.
வேர் தின்கிறவனை
யாரும் பைத்தியம் என்று சொல்லமாட்டார்கள்.
வெள்ளை மாத்திரையை நானே நிறுத்தினேன்,
நல்ல நாள் பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை.

திங்களன்று தலைக்குள் சின்னச் சின்ன மின்வெட்டு.
புதனன்று, லாரி வராத மத்தியானத்தில்,
மேடை நடுவில் போய் உட்கார்ந்திருந்தேனாம்.
யாரோ அறைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்:
அறுபது கிலோ.
லாரித் தராசு, பத்துப் பத்தாகத்தான் எண்ணும்,
மீதியைக் கண்டுகொள்ளாது.

மாதேவி எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் வாரி
டாக்டர் மேஜையில் கொட்டினாள்.
"இது நீங்க குடுத்தது, நிறுத்திட்டார்.
இது அவர் ஒளிச்சது."
திட்டுவார் என்று தலை குனிந்தேன்.
பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார்,
பேனாவை மூடினார், எட்டாம் அறைக்கு நடந்தார்.
நாங்கள் பின்னால்.

தண்ணீர் டேங்க் பக்கத்தில் நின்று
இரண்டு பேரும் பேசியது முழுசும் விளங்கவில்லை.
தைராய்டு, கல்லீரல், சின்னச் சின்ன ஆய்வுகள்,
உதவலாம், உதவாமலும் போகலாம்.
எத்தனை 'லாம்' என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.
சித்தா டாக்டர் பூவராகன் என் பக்கம் திரும்பினார்:
"வேருக்குள்ளயும் ரசாயனம்தான்ப்பா.
மாத்திரையோட அது சண்டை போட்டா
எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஒரே சீட்டில் இரண்டு கையெழுத்து.
மாத்திரை இன்றைக்கே மறுபடி பாதியிலிருந்து.
ரத்தம் பார்த்த பிறகு வேர், அதுவும் அளந்து.
துவையல் உங்கள் இஷ்டம் என்றார்கள்.

இப்போது தை. ஆலைக்குப் பின்னால்
மாமரங்கள் பூத்திருப்பதாகச் சொல்கிறார்கள்.
நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.
பிரஷ் கைக்கு வருகிறது, சில நாள் வருவதில்லை.
மாத்திரையால் எவ்வளவு, வேரால் எவ்வளவு,
பத்து மணிக்கு மேல் விழித்துக் கிடக்கிற
மாதேவியால் எவ்வளவு?
பிரித்து நிறுக்க என் மேடையில் வழியில்லை.

நேற்று ராத்திரி
துவையலில் உப்பு ஜாஸ்தி என்று கத்தினேன்.
அவள் பதில் பேசாமல் எழுந்துபோய்
காலண்டரில் தேதியைச் சுற்றி
ஒரு வட்டம் போட்டாள்.