அரசின் வசதிக்காக

மரப்பெட்டியில் வந்தது.
சுற்றிலும் இரும்புப் பட்டை,
கழுத்தில் பச்சைச் சீட்டு:
"பழுது."
என்ன பழுது, எங்கே என்று சொல்ல
அந்தச் சீட்டில் இடமில்லை.

விசிட்டாவின் தெற்கு விளிம்பில்
தானியக் கிடங்கின் நிழல் விழுமிடத்தில்
எங்கள் பட்டறை. பதினோரு பேர்.
விமானத்தின் காலை மடக்கி நீட்டும்
ஹைட்ராலிக் உருளைகள் நாற்பத்தொன்று.
ஒன்றுக்கு ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு டாலர்
என்று விலைப்புள்ளி அனுப்பியவள் நான்.
முதலில் ஆயிரத்து இருநூறு என்றுதான் அடித்திருந்தேன்.
கெடு முடியப் பதினாறு நிமிடம் இருக்கையில்
நிமிடத்துக்கு ஒரு டாலர் குறைத்தேன்.
ஒப்பந்தம் எங்களுக்கு வந்தது.

பார்க்காத பொருளுக்கு விலை சொல்வதுதான் என் வேலை.
இருபது வருடமாகச் சொல்கிறேன்.

டுவெய்ன் ஃபானன்ஸ்டீல் முதல் உருளையைத் திறந்தார்.
துடைப்பு வளையத்துக்குப் பின்னால்
மணல்.
கோதுமைத் தவிட்டு நிறம், மாவுபோல் மெலிசு.
கான்சாஸில் இப்படி மணல் கிடையாது.
எந்த நாட்டுத் தரையில் இறங்கி ஏறியதோ,
கேட்க எங்களுக்கு உரிமையில்லை.
பிறகு ஊதா விளக்கின் கீழே பிடித்தார்.
ஆணி கோக்கும் காதில்
மயிரிழை விரிசலொன்று பச்சையாய் எரிந்தது.

ஒப்பந்தம் எண்பத்தாறு பக்கம்.
மணல் என்ற சொல் ஒரு பக்கத்திலும் இல்லை.
விரிசல் இரண்டிடத்தில் இருந்தது:
கண்டால் தெரிவிக்கவும்.
அனுமதி வரும்வரை தொடவேண்டாம்.

தெரிவித்தேன்.
ஒப்பந்த அதிகாரி வெர்லின் ஹோக்ஸ்டெட்லர்
பதினான்காம் தேதிவரை விடுப்பில் என்று
அவருடைய கணினி பதில் எழுதியது.
இருபதாம் தேதியும் அதையே எழுதியது.

திங்கட்கிழமை நண்பகல்தோறும் இங்கே
சூறாவளிச் சங்கை ஊதிச் சோதிப்பார்கள்.
ஆறு முறை ஊதினார்கள்.
திறந்த உருளைகள் அலமாரியில்
துணி போர்த்திக் கிடந்தன.
டுவெய்ன் தினமும் காலையில்
துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார்.

ஏழாவது வாரம் கடிதம்:
"இந்த ஒப்பந்தம் அரசின் வசதிக்காக
முடித்துக்கொள்ளப்படுகிறது.
உருளைகளை வந்த நிலையிலேயே திருப்பி அனுப்புக."

வந்த நிலையில்.
வந்தபோது விரிசல் இருந்தது,
யாருக்கும் தெரியாது.
இப்போது எனக்குத் தெரியும், டுவெய்னுக்குத் தெரியும்,
ஹோக்ஸ்டெட்லரின் பெட்டியில்
பிரிக்காத கடிதத்துக்குத் தெரியும்.
தெரிந்துபோனதை எந்தப் பெட்டியில் வைத்து
எந்தத் தேதிக்குள் திருப்புவது?

பழைய வளையங்களையே மறுபடி போட்டார்.
ஒவ்வொரு திருகையும்
முறுக்குமானி சொன்ன அளவுக்கு
கடுகளவும் பிசகாமல் இறுக்கினார்.
யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன்.
"தளர்வா விட கை ஒத்துக்க மாட்டேங்குது"
என்றார், நிமிராமல்.

மணல் மிச்சமிருந்தது.
அதுவும் அரசின் சொத்துதானே என்று
யாரோ சிரித்தார்கள். டுவெய்ன் சிரிக்கவில்லை.
எடை போட்டார். பதினொரு கிராம்.
உறையிலிட்டு ஒட்டி, என்னிடம் நீட்டினார்.
எழுதினேன்:
வரிசை எண் நாற்பத்திரண்டு.
மணல். பட்டியலில் இல்லாதது.
அதன் கீழே, சின்ன எழுத்தில்,
காதைப் பார்க்கவும்.

மூன்று வாரத்தில் ரசீது வந்தது.
நாற்பத்திரண்டும் பெறப்பட்டன. குறை ஏதுமில்லை.

அக்டோபரில் மறுபடி ஒப்பந்தப்புள்ளி கேட்டார்கள்.
அதே உருளை, அதே நாற்பத்தொன்று, நிலை: பழுது.
பார்த்த பொருளுக்கு
முதல்முறையாக விலை எழுதினேன்.
ஆயிரத்து அறுநூற்று நாற்பது.
அரை மணிநேரம் முன்பே அனுப்பினேன்,
ஒரு டாலரும் குறைக்கவில்லை.

டென்னசியில் யாரோ
ஆயிரத்து நூற்று எழுபதுக்கு எடுத்திருக்கிறார்கள்.

இந்நேரம் பெட்டி போய்ச் சேர்ந்திருக்கும்.
யாரோ ஒருவர் பட்டையை வெட்டி
மூடியை நெம்புவார்.
மேலாக ஓர் உறை இருக்கும்,
என் கையெழுத்தில்.