கயானா போகும் உத்திராபதிக்கு

இருபத்திரண்டு வருசமாகக் கூத்தாநல்லூரில் டிக்கெட் போடுகிறேன்.
சிங்கப்பூர், புருனை, ஜித்தா,
ஒருமுறை கல்யாண கோஷ்டி ஒன்றை மொரீசியசுக்கு.
நீங்கள் கயானா என்றதும்
கானா என்று காதில் விழுந்து
ஆப்பிரிக்காவில் தேடினேன். மன்னியுங்கள்.

அது தென் அமெரிக்காவின் தலைமாட்டில் இருக்கிறது.
கீழே பிரேசில். ஒரு பக்கம் வெனிசுவேலா.
உங்கள் அரிசி மில் எந்த ஆற்றோரம் என்று
கம்பெனிக் கடிதத்தில் இல்லை; கேட்டு வாங்குங்கள்.
அங்கே சில ஆற்றைத் தாண்டவே
பாதிப் பகல் போகுமாம்.

முதலில் ஊசி.
மஞ்சள் காய்ச்சலுக்கு. மஞ்சள் காமாலை வேறு,
இது கீழாநெல்லிக்கு அடங்காது.
மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது எழும்பூர்,
அங்கிருந்து கிண்டி.
முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பார்கள்,
உள்ளதைச் சொல்லுங்கள்.
குத்திப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும்.
எனவே இந்த வாரமே.

நியூயார்க் வழி மலிவுதான்,
விமானம் மாறி ஏறுவதற்கும் அவர்களுக்கு விசா வேண்டும்.
அதனால் சுற்றிப் போகிறீர்கள்:
மூன்று விமானம், ஒன்றரை நாள்.
ஸ்பேனர், பேரிங், ரப்பர் ரோலர் எல்லாம் பெரிய பெட்டியில்.
கொப்பரை வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும் சரக்கு என்று பிடுங்குவார்கள்.
ஊறுகாயை நாலு உறை போட்டுக் கட்டுங்கள்.
புருனைக்குப் போன ஒருவர் பாஸ்போர்ட்டில்
இன்னும் நார்த்தங்காய் வாசம்.

குழாய்த் தண்ணீர் டீ நிறத்தில் வரும்.
குளிக்கலாம், குடிக்காதீர்கள்.
கரண்ட் நூற்றுப்பத்து வோல்ட்,
சில இடத்தில் இருநூற்று நாற்பதாம்.
எதைச் செருகுமுன்னும் டெஸ்டர் வையுங்கள்,
மில் பிட்டருக்கு இதை நான் சொல்கிறேன் பாருங்கள்.
அவர்கள் டாலரைப் பார்த்து மிரளவேண்டாம்,
ஒரு டாலர் நம் அரை ரூபாய்க்கும் குறைவு.
இங்கே எந்த பேங்கிலும் கிடைக்காது,
அமெரிக்க டாலராக எடுத்துப் போய் அங்கே மாற்றுங்கள்.

மழை இரண்டு தடவை. மே பிறந்தால் ஒன்று,
டிசம்பரை ஒட்டி ஒன்று.
நெல்லும் இரண்டு போகம்.
மேட்டூர் எப்போது திறக்கும் என்று
ஒருவரும் கேட்கமாட்டார்கள், காது ஓய்வெடுக்கும்.

யாராவது மதராசியா என்று கேட்டால்
சண்டைக்குப் போகாதீர்கள்.
அங்கே அது மாரியம்மனைக் கும்பிடும்
ஒரு கூட்டத்தின் பெயர்.
தமிழில் பேசிவிடாதீர்கள், திரும்பப் பேச அவர்களிடம் இல்லை.
அல்லது பேசுங்கள். எனக்கென்ன தெரியும்.

ஒன்று மட்டும் படத்தில் பார்த்தேன்.
கரையோரம் முழுக்கக் கடலைவிடத் தாழ்ந்த நிலம்.
சுவர் வைத்துக் கடலை நிறுத்தியிருக்கிறார்கள்.
வற்றம் வரும்போது மதகைத் தூக்கி வயல் நீரை விடுவார்கள்,
ஏற்றம் வரும்போது இறக்குவார்கள்.
மதகுக்குக் கோக்கர் என்று பெயர்.
பக்கத்தில் சைக்கிளோடு ஒரு ஆள்,
பொதுப்பணித்துறை லஸ்கர் நிற்பதுபோலவே
முதுகைக் காட்டிக்கொண்டு.
தலைஞாயிற்றுக்காரர் நீங்கள்,
உப்புத் தண்ணீர் ஏறிய வயலைப் பார்த்தவர்.
வழி தெரியாவிட்டால் அந்த ஆளைக் கேளுங்கள்.
அவருக்கும் தெரியாவிட்டால்
பேசவாவது அவருக்கு நேரமிருக்கும்.

நேற்று செண்பகவல்லி வந்திருந்தார்.
திரும்பும் தேதி சம்பா நடவுக்கு முன்னா பின்னா என்றார்.
தேதி போடாத டிக்கெட் என்று சொல்லவில்லை.
நீங்களே சொல்லிவிடுங்கள்.

அந்த மஞ்சள் அட்டையைப் பெட்டியில் வைக்காதீர்கள்.
போகும்போது அவர்கள் கேட்பதைவிட
வரும்போது நம் ஆட்கள்தான் கேட்பார்கள்.
இல்லையென்றால் ஆறு நாள் தனி அறை;
மீனம்பாக்கத்தில் இறங்கியும் ஊர் வந்தபாடில்லை.
சட்டைப் பையில் வையுங்கள்.
துவைக்கும்போது எடுத்துவிடுங்கள்.

பாக்கி நாலாயிரத்து இருநூறு.
வெள்ளிக்கிழமை மதியம் கடை பூட்டியிருக்கும்,
மூன்று மணிக்கு மேல் வாருங்கள்.
போட்டோ இரண்டு, வெள்ளைப் பின்னணி,
காது தெரியவேண்டும்.

ஹபீபா