நாற்பத்தேழாம் பக்கம்

ஏசியை நிறுத்தினால்தான் குரல் கேட்கும்.
ஏசியை நிறுத்தினால்
பதினைந்து நிமிடத்தில் கண்டெய்னர் அடுப்பாகிவிடும்.
அதனால் சோஹாரில் எங்கள் வாசிப்புக் கூட்டத்துக்கு
முதல் விதி:
நீளக் கவிதைகளுக்கு நவம்பர் வரை தடை.

வியாழன் இரவு, ஸ்டோர் கண்டெய்னர் மூன்று.
வெல்டிங் ராடுப் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருப்போம்:
சாரம் கட்டும் அற்புதராஜ்,
கிரேன் ஓட்டும் யோகநாதன், வவுனியாக்காரர்,
போல்ட் எண்ணிக் கொடுக்கும் பீர்க்கான்,
வாயே திறக்காத சுயம்புலிங்கம்.
கிளினிக் நர்ஸ் எமல்டாவுக்கு மட்டும் நாற்காலி.
நான் டைம்கீப்பர்.
யாருக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதுகிற கை
யாரிடம் எந்தப் புத்தகம் என்றும் எழுதும்,
அதே நோட்டில், பின்பக்கத்திலிருந்து.

புத்தகம் என்னுடையது.
முதுகு உரிந்து கறுப்பு டேப் ஒட்டியது.
ஒவ்வொரு அறையாகப் போய்த் திரும்பும்போது
கொஞ்சம் கனம் கூடியிருக்கும்:
கிரீஸ் விரல், டீ வட்டம்,
ஒரு வரிக்கு அடியில் யாரோ போட்ட கோடு,
அதை அடித்துவிட்டு
அடுத்த வரிக்கு இன்னொருவர் போட்ட கோடு.

மே மாதம் எமல்டா படித்துக்கொண்டிருந்தார்.
நாற்பத்தாறாம் பக்கத்தின் கடைசி வரி
'கதவைத் திறந்தபோது'
என்று நின்றது. புரட்டினார்.
நாற்பத்தொன்பது.

கதவைத் திறந்தபோது என்ன?
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
எத்தனை முறை படித்த புத்தகம்.
ஞாபகம் வரவில்லை.

"ஆமி" என்றார் யோகநாதன், யோசிக்காமல்.
ஏசியைப் போட வேண்டிய நேரம் தாண்டிப் போனது.
"கடன்காரன்" என்றார் பீர்க்கான், சிரிக்க வைக்க.
"பக்கத்து வீட்டுக் குழந்தை" என்றார் எமல்டா.
"எங்க ரூம்ல பதினோரு பேரு.
கதவைத் திறந்தா பாத்ரூம் வரிசைதான்"
என்றான் அற்புதராஜ்.

அப்படியே நான்கு வியாழன்.
அந்த இடம் வந்ததும்
ஆளுக்கொரு முடிவைத் திறந்து வைப்பார்கள்,
டிபன் டப்பாவைத் திறப்பதுபோல.

ஐந்தாவது வியாழன் சுயம்புலிங்கம் எழுந்தார்.
"கிழிச்சது நான்தான்."

ஓவர்டைமில் பதினாலு மணி நேரம் குறைந்த மாதம் அது.
கணக்குப் போடக் கையில் வேறு தாள் இல்லை,
நாற்பத்தேழின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
அப்படியே லேபர் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தார்.
வாங்கினவர் திருப்பிப் பார்த்தார்,
இது என்ன என்று கேட்டார்,
தெரிந்த அரபியில் இவர் சொன்னதைக்
கடைசிவரை கேட்டார்,
இரண்டு பக்கமும் முத்திரை குத்தி
ஃபைலில் வைத்துக்கொண்டார்.

நோட்டு என் மடியில் இருந்தது.
போர்மேன் அடி என்றார், அடித்தேன்.
ஸ்கேல் வைத்துத்தான் அடித்தேன்,
அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று.
சுயம்புலிங்கம் பேசி முடிக்கும்வரை
என் பக்கம் திரும்பவே இல்லை.

எமல்டாதான் கேட்டார்:
"சரி, கதவைத் திறந்தபோது?"

"தமிழ்ல மறந்துபோச்சு.
அங்க சொன்னதுதான் நெனப்புல இருக்கு.
பாப் மாஃபி.
ஹவா பஸ்."

கதவு இல்லை, காற்று மட்டும், என்றான் அற்புதராஜ்.
கதவே இல்லை, வெறும் காற்று, என்றார் யோகநாதன்.
ஏகாரம் எங்கிருந்து வந்தது என்று சண்டை.
பீர்க்கான் குறுக்கே கையை நீட்டினார்:
"இருபது வருசமா இந்த ஜன்னல்ல உக்காந்து
ஒரு நாளைக்கு நூறு மாஃபி சொல்றவன் நான்.
மாஃபின்னா இல்லைன்னு அர்த்தமில்ல.
இருந்துச்சு, தீந்துபோச்சு.
கதவு தீந்துபோச்சு.
காத்துதான் ஸ்டாக் இருக்கு."

எழுதிக்கொள்ளுங்கள் என்றார் எமல்டா என்னிடம்.
எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல்
நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சட்டைகள் நனைந்துவிட்டன.
யாரோ ஏசியைப் போட்டார்கள்.
அந்த இரைச்சலுக்கு உள்ளே, அது தந்த தைரியத்தில்,
சுயம்புலிங்கத்திடம் சொன்னேன்.

காதுக்குப் பின்னால் கையை வைத்தார்.
தலையாட்டினார், கேட்கவில்லை என்று.
பிறகு எழுந்துபோய்
ஏசியை நிறுத்தினார்.