எஞ்சிய கரைப்பான்

காய்ந்த கீழாநெல்லி நாற்பது கிலோ.
கலனில் இட்டு மூடியை முறுக்கிவிட்டால்
பிறகு என் வேலை ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பது.

முப்பத்தொரு பாகை தாண்ட வேண்டும்,
காற்றின் பாரத்தைப்போல் எழுபத்து மூன்று மடங்கு அழுத்த வேண்டும்.
அதற்குமேல் கரியமிலவாயுவுக்குத் தன் பெயர் மறந்துவிடும்.
புகையாக இலைக்குள் நுழையும்,
எண்ணெயாக ஏந்திக்கொண்டு வெளியே வரும்.
முப்பத்தொரு பாகையா,
கடலூரில் அது வைகாசி நடுநிசியாச்சே என்று
சிரித்தார் ஹமீது மரைக்காயர், இயந்திரம் வந்திறங்கிய அன்று.

உருளைகள் பாண்டிச்சேரியிலிருந்து வருகின்றன.
ஏதோ பீர் ஆலையின் நொதிகலனில் பிடித்த வாயு.
யாரோ குடிக்கப்போவதன் ஏப்பம்
யாரோ ஒருவரின் ஈரலுக்கு மருந்தெடுக்கிறது.
இரண்டு பேரும் ஒரே ஆளாகவும் இருக்கலாம்.

பச்சை முறை என்று வாசலில் பலகை.
வேடிக்கை, இந்த முறையில் பச்சை வருவதில்லை.
ஹெக்சேன் கூடத்தில் வடித்ததெல்லாம் பாசிக்குட்டை நிறம்,
இங்கே சொட்டுவது வெந்தய நிறம்.
பச்சை சக்கையோடு தங்கிவிடும்.
சக்கையை வெந்நீரில் போட்டுத் துவர்ப்பையும் எடுத்த பிறகு
கிடப்பது எருக்குழிக்கு.

ஹெக்சேன் கூடத்தில் எனக்கு ஒன்பது வருடம்.
பேருந்தில் என் பக்கத்து இருக்கை
முதுநகர் வரை காலியாகவே வரும்.
ஒரு பொங்கலன்று சேலைக்கு ஊக்கு மாட்ட முடியவில்லை.
விரல்நுனிகள்
யாருடையவோ போல் என் கையில் இருந்தன.
ரத்தம், சிறுநீர், நரம்பில் ஊசி குத்தி ஒரு சோதனை.
ஆலை மருத்துவரின் தாளில் ஒரே சொல்:
கண்டறியப்படவில்லை.

நேற்றிரவு இரண்டு பத்துக்கு மின்சாரம் போனது.
நெய்வேலி அத்தனை பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தும்.
டீசல் ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது.
(பச்சை முறைக்கான டீசல் கணக்கைத்
தனி ஏட்டில் எழுதி வைக்கிறேன்.
இதுவரை யாரும் கேட்டதில்லை.)
கலனுக்குள் இருநூற்றைம்பது மடங்கு பாரம்.
ஹமீது வால்வை மயிரிழை மயிரிழையாகத் திறந்தார்.
குழாய் வாயில் ஒரு சீறல்,
பிறகு

பனி.
சிப்காட்டில், வைகாசியில்.
ரப்பர் செருப்புகளின் மேல், வாளியின் விளிம்பில்,
தைலாம்பாள் வரப்பில் பறித்துக் கொண்டுவந்த சாக்குகளின் மேல்.
காவலாளி சந்தானசாமி டார்ச்சோடு ஓடிவந்து
வாய் பிளந்து நின்றான்.
"கதவெல்லாம் திறங்க, மூச்சு முட்டும்!
அக்கா, அதைத் தொடாதீங்க!"

தொட்டேன்.
நுனிக்கு ஒன்றும் தெரியவில்லை.
இரண்டாம் கணுவில் சுட்டது.
என் விரல் எங்கிருந்து தொடங்குகிறது என்று
பனி சொல்லித்தான் தெரிந்தது.

சற்று நேரத்தில் தரை காய்ந்திருந்தது.
ஈரமில்லை, வாடையில்லை, துடைக்க ஒன்றுமில்லை.
துடைப்பத்தோடு சந்தானசாமி ஏமாந்து நின்றான்.

காலையில் ஆய்வுக்கூடத்து நப்பின்னை
முந்தின நாள் சரக்குக்கான தாளை நீட்டினாள்.
எஞ்சிய கரைப்பான்: கண்டறியப்படவில்லை.
அவள் முகமெல்லாம் சிரிப்பு. நியாயமான சிரிப்புதான்.

இடம் காட்டினாள், கையெழுத்துக்கு.
பேனா நழுவி மேசைக்கடியில் உருண்டது.
எடுத்துக் கொடுத்தாள்.
பிடித்திருக்கிறேனா என்று பார்த்துப் பார்த்து
என் பெயரை எழுதினேன்.